கள்ளித் துண்டு: முதலில் காயட்டும், பிறகு நடலாம்

போன மாதம் என் தோட்டத்துக்கு மூன்று பேர் வந்திருந்தார்கள். மூவருமே புதிதாக இயற்கை வேளாண்மைக்கு வர நினைப்பவர்கள். பந்தல் தூண்களில் தொங்கிய டிராகன் கொடிகளைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "சார், கன்னு ஒண்ணு என்ன விலைங்க?" என்பதுதான். கன்று விற்பதில்லை, கவாத்து செய்த துண்டு கிடக்கிறது, எடுத்துப் போய் நீங்களே வேர் பிடிக்க வையுங்கள் என்றேன். கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் பார்த்தார்கள். காசு கொடுத்து வாங்குகிற கன்றில் இருக்கிற நம்பிக்கை, சும்மா கிடைக்கிற துண்டில் வருவதில்லை.

நான் 34 வருடம் வங்கியில் வேலை பார்த்தவன். கடைசிப் பத்து வருடம் விவசாயக் கடன் பிரிவு. எத்தனையோ திட்ட அறிக்கைகளில் "கன்று கொள்முதல்" என்ற வரியைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்த வரி பாதி பயிர்களுக்குத் தேவையே இல்லை என்பது, ஓய்வு பெற்று வேடசந்தூர் பக்கம் மூன்று ஏக்கர் செம்மண் காட்டில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. அதிலும் கள்ளி இனங்களுக்குக் கன்று வாங்குவது, வாய்க்கால் ஓரத்தில் இருந்துகொண்டு தண்ணீர் பாட்டில் வாங்குகிற மாதிரி. ஆனால் சும்மா கிடைப்பதை அழுக விடாமல் காப்பாற்றத் தெரிய வேண்டும். அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

எனக்குக் கள்ளி வந்த கதை வேடிக்கையானது. பணி ஓய்வு நாளில் கிளையில் வேலை பார்த்த பிள்ளைகள் ஒரு சின்னத் தொட்டிச் செடி கொடுத்தார்கள். கீழே பச்சையாக மூன்று பட்டைத் தண்டு, அதன் தலையில் செக்கச்செவேலென்று ஒரு உருண்டை. நர்சரிகளில் பார்த்திருப்பீர்கள், 'மூன் கேக்டஸ்' என்பார்கள். அந்தச் சிவப்பு உருண்டையைச் சுற்றிச் சுண்டைக்காய் அளவில் நாலைந்து குட்டிகள் இருந்தன. என் வீட்டம்மா அவற்றைப் பிய்த்து மணலில் வைத்தார். ஒரு மாதத்தில் நாலும் சுருங்கி உலர்ந்து போயின. அடுத்த வருடம் தாய் உருண்டையும் செத்துவிட்டது.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தச் சிவப்பு உருண்டையில் பச்சையமே கிடையாது. தனக்கு வேண்டிய சாப்பாட்டை அதனால் செய்துகொள்ள முடியாது. கீழே இருக்கிற பச்சைத் தண்டுதான் உழைத்துப் போடும். அதன் மேல் ஒட்டுக்கட்டியிருக்கிறார்கள். குட்டியைப் பிய்த்து மண்ணில் வைத்தால் பிழைக்காது, இன்னொரு பச்சைத் தண்டின் தலையில் ஒட்டுக்கட்டினால்தான் பிழைக்கும். முழுக்கக் கடனில் ஓடுகிற குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அந்த ஜாமீன்தாரர் யார் என்று பார்த்தால், அதுதான் டிராகன் பழக் கொடி! உருண்டை செத்த பிறகு தண்டை எறிய மனமில்லாமல் முருங்கை அடியில் நட்டு வைத்தேன். முள் புள்ளியிலிருந்து துளிர்த்து, முருங்கையில் ஏறி, நாலாவது வருடம் வெள்ளைச் சதைப் பழம் கொடுத்தது. இந்தச் செடியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மறுபடி வருகிறது.

ஏன் காய வைக்க வேண்டும்?

முருங்கைப் போத்து, கிளுவைப் போத்து நட்டுப் பழகியவர்கள் நாம். வெட்டிய அன்றோ மறுநாளோ நடுவோம், உடனே தண்ணீர் ஊற்றுவோம். ரோஜாக் குச்சி, செம்பருத்திக் குச்சி என்றால் ஈரம் காயவே விடமாட்டோம். கள்ளிக்கு இது நேர் எதிர்.

சாதாரணக் குச்சியில் இலை இருக்கும். பகலில் இலைத்துளை திறந்து நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும், அதனால் வாடும். கள்ளிக்கு இலை கிடையாது, தண்டுதான் இலையின் வேலையைச் செய்கிறது. துளைகளையும் பகலில் மூடிவிட்டு ராத்திரியில்தான் பெரும்பாலும் திறக்கும். உடம்பு பூராவும் தண்ணீர்ச் சேமிப்பு. அதனால் வெட்டிப் போட்ட துண்டு வேர் இல்லாமலே வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதன் எதிரி காய்ச்சல் அல்ல, ஈரம். வெட்டுவாய் பச்சைப் புண். அதை ஈர மண்ணுக்குள் வைத்தால் பூஞ்சணமும் பாக்டீரியாவும் நேராக உள்ளே போகும். வேர் இல்லாததால் நாம் ஊற்றுகிற தண்ணீரை உறிஞ்சவும் அதற்கு வழியில்லை. புண் ஆறி, மேலே பொருக்குக் கட்டிய பிறகு நட்டால் ஆபத்து பெருமளவு குறைந்துவிடும்.

இதைப் புத்தகத்தில் படிக்கும் முன் காசு கொடுத்துப் படித்தேன். முதல் தடவை 150 டிராகன் துண்டு வாங்கி வந்தேன், ஐப்பசி மாதம். நல்ல மழை, மண்ணும் பதமாக இருக்கிறதே என்று வந்த அன்றே நட்டேன். போதாததற்குக் குழிக்கு ரெண்டு கூடை தொழு உரம், மேலே ஜீவாமிர்தம். இருபது நாளில் 110 துண்டு அடியில் பழுப்பாகிக் குழைந்துவிட்டது. தொட்டால் கையோடு வருகிறது, மோந்து பார்க்க முடியவில்லை. மீதி நாற்பதும் பிழைத்தது என் திறமையால் அல்ல, அவை நட்ட இடம் பாறைச் சரளை. தண்ணீர் நிற்கவில்லை.

டிராகன் துண்டு தயாரிப்பு

காய்ப்பு முடிந்து கவாத்து செய்கிற நேரத்தில் துண்டு நிறையக் கிடைக்கும். வடகிழக்கு மழை ஓய்ந்த பிறகு, தை கடைசியிலிருந்து பங்குனிக்குள் வேர் பிடிக்க வைப்பது எங்கள் பக்கத்துக்குச் சரியாக வருகிறது. சூடு ஏறுகிற காலத்தில் வேர் சீக்கிரம் விடும். அடைமழையில் இந்த வேலையே வேண்டாம்.

ஒரு வருடத்துக்கு மேல் வயதான, கரும்பச்சை நிறத் தண்டைத் தேர்ந்தெடுங்கள். வெளிர்பச்சையில் வழவழவென்று இருக்கும் இளங்கொழுந்து பார்க்க அழகாக இருக்கும், ஆனால் சீக்கிரம் அழுகும். ஏற்கெனவே காய்த்த கொடியிலிருந்து எடுத்தால் பூப்பும் சீக்கிரம் வரும். தண்டில் ஆரஞ்சு, பழுப்புப் புள்ளிகளோ குழிவிழுந்த தழும்போ இருந்தால் அந்தச் செடியையே விட்டுவிடுங்கள். தண்டுப்புற்று என்கிற பூஞ்சண நோய் இப்படித்தான் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் பயணம் போகிறது. சும்மா கிடைக்கிறதே என்று நோயையும் சேர்த்து வாங்கி வராதீர்கள்.

கத்தி கூர்மையாக இருக்க வேண்டும். ஒரு செடிக்கும் அடுத்த செடிக்கும் நடுவே ஸ்பிரிட்டால் துடைத்துக்கொள்ளுங்கள், அல்லது தீயில் காட்டுங்கள். நான் ஒரு அடி நீளத்துக்கு வெட்டுகிறேன். வெட்டிய உடனே மேல் நுனியில் சுண்ணாம்பால் ஒரு பொட்டு வைத்துவிடுங்கள். நூறு துண்டு குவிந்த பிறகு எது தலை, எது கால் என்று தெரியாது. தலைகீழாக நட்டால் தேறுவது கஷ்டம்.

அடுத்து ஒரு சின்ன வேலை, பலர் செய்யாமல் விடுவது. துண்டின் அடியில் ஒரு அங்குலத்துக்கு மூன்று பட்டையிலும் இருக்கும் சதையைச் சீவி, நடுவில் இருக்கும் கெட்டியான நரம்பு தெரியும்படி பென்சில் சீவின மாதிரி ஆக்குங்கள். வேர் முக்கியமாக அந்த நடு நரம்பை ஒட்டித்தான் கிளம்புகிறது. சதை இருந்தால் அதுதான் முதலில் அழுகும். சீவிய இடத்தில் நான் அடுப்புச் சாம்பல் தொட்டு வைக்கிறேன். சிலர் மஞ்சள்தூள் வைக்கிறார்கள். எதுவானாலும் அது துணைக்குத்தான், உண்மையான மருந்து நிழலும் காற்றும்.

பிளாஸ்டிக் சாக்கில் கட்டி வைக்காதீர்கள். மூங்கில் கூடையிலோ, சுவரில் சாய்த்தோ, நிழலில் காற்றோட்டமாக ஏழிலிருந்து பத்து நாள் விடுங்கள். வெட்டுவாயை விரலால் தட்டிப் பார்த்தால் காய்ந்த தோல் மாதிரி இருக்க வேண்டும். பிசுபிசுத்தால் இன்னும் ரெண்டு நாள். தண்டு லேசாகச் சுருங்கினால் பயப்பட வேண்டாம், அது பசியில் வேர் தேடுகிற நிலை.

பைக் கலவை: கரடு மணல் ரெண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, நன்றாக மக்கிய மண்புழு உரம் ஒரு பங்கு. மணல் கிடைக்காத ஊரில் உடைத்த செங்கல் சல்லியும் உமிக்கரியும் அதன் வேலையைச் செய்யும். தண்ணீர் ஊற்றினால் அந்தக் கணமே அடித்துளையில் வெளியே வர வேண்டும், அதுதான் சோதனை. கரிசல் மண் மட்டும் வேண்டவே வேண்டாம். இரண்டு அங்குலத்துக்கு மேல் புதைக்காதீர்கள். ஆழமாக நட்டால் உறுதியாக நிற்கும் என்று தோன்றும், அழுகலுக்கும் அது வசதி. ஆடாமல் இருக்க ஒரு குச்சி ஊன்றிக் கட்டினால் போதும்.

நடும்போது கலவையில் லேசான ஈரம் இருந்தால் போதும். ஒரு வாரம் தண்ணீர் காட்டாதீர்கள். பிறகும் மேல் மண் ஒரு அங்குலம் காய்ந்ததை ஈர்க்குச்சி விட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். முதல் ஒரு மாதம் மர நிழல். மூன்று நாலு வாரத்தில் வேர் பிடிக்கும். லேசாக இழுத்துப் பாருங்கள், மண் பிடித்து இழுத்தால் வேர் வந்துவிட்டது. துளிர் வந்ததை மட்டும் வைத்து நம்பி ஏமாறாதீர்கள். உள்ளே சேமித்ததை வைத்துக்கொண்டே அது துளிர்விடும், அடியில் ஒரு வேர்கூட இருக்காது. பஞ்சகவ்யா, மீன் அமிலம் எல்லாம் வேர் பிடித்த பிறகு. வாயே முளைக்காத பிள்ளைக்கு விருந்து வைத்த கதைதான் என் முதல் 150.

தட்டைக் கள்ளியும் உருண்டைக் கள்ளியும்

ஆடு மாடு வைத்திருப்பவர்கள் முள்ளில்லாத் தீவனக் கள்ளியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஜான்சியில் உள்ள இந்தியப் புல்வெளி மற்றும் தீவன ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களில் இதில் வேலை நடக்கிறது. நம்ம சப்பாத்திக்கள்ளியின் சொந்தக்காரன்தான். இதைப் பெருக்குவது டிராகனைவிடச் சுலபம். முற்றிய தட்டை ஒன்றைக் கணுவில் சரியாக அறுத்து எடுங்கள், தட்டையின் நடுவில் வெட்டினால் புண் பெரிதாகும். இரண்டு வாரம் நிழலில் காய விட்டு, மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போகிற மாதிரி செங்குத்தாக நடுங்கள். முகம் கிழக்கு மேற்காகப் பார்த்திருந்தால் காலை வெயிலும் மாலை வெயிலும் அகலமாக விழும், உச்சி வெயில் விளிம்பில் மட்டும் படும். கீழே படுக்க வைத்தாலும் மண்ணைத் தொடுகிற புள்ளிகளில் வேர் விடும். தீவனமாகப் போடும்போது ஒன்றை மறக்காதீர்கள்: அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான், புரதம் குறைவு. வைக்கோல், சோளத்தட்டையோடு நறுக்கிக் கலந்து போடுங்கள். தனியாக நிறையப் போட்டால் மாடு கழியும். முள்ளில்லை என்றாலும் புள்ளிகளில் பூனைமுடி மாதிரி நுண்முள் இருக்கலாம், கையுறை போட்டுத் தொடுங்கள்.

தட்டையில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தால் நகத்தால் நசுக்கிப் பாருங்கள். ரத்தச் சிவப்பாகச் சாறு வந்தால் அது சாதாரண மாவுப்பூச்சி அல்ல, கொச்சினீல் பூச்சி. அங்கிருந்து துண்டு எடுக்காதீர்கள். இந்தப் பூச்சிக்கு நம் ஊரில் பெரிய சரித்திரம் உண்டு. 1795இல் சிவப்புச் சாயம் எடுக்கலாம் என்று பிரேசிலிலிருந்து கொண்டு வந்தார்கள். நல்ல சாயம் தரும் இனத்துக்குப் பதிலாக வேறொரு இனம் வந்து சேர்ந்தது. சாயம் தேறவில்லை, ஆனால் அன்று மண்டிக் கிடந்த ஒரு கள்ளி இனத்தை அது தின்று தீர்த்தது. இன்னொரு கள்ளியை அது தொடவில்லை. அதற்காக 1926இல் இலங்கையிலிருந்து வேறொரு கொச்சினீலைக் கொண்டு வந்து விட்டார்கள், அதுவும் சில வருடங்களில் வேலையை முடித்தது. மருந்து தெளிக்காமல் பூச்சியைக் கொண்டே களையை ஒழித்த ஆரம்ப கால உதாரணம் நம் மண்ணில்தான் நடந்திருக்கிறது. மறுபக்கமும் உண்டு: கவாத்து செய்த தட்டைகளை ஓடைக்கரையில் வீசாதீர்கள். விழுந்த இடத்தில் வேர் விட்டு ஊரைப் பிடிக்கிற செடி அது.

வீட்டில் தொட்டியில் வளர்க்கும் உருண்டைக் கள்ளிகள் அடியில் குட்டி போடும். நெல்லிக்காய் அளவு வந்ததும், பழைய செய்தித்தாளைப் பட்டையாக மடித்துக் குட்டியைச் சுற்றிப் பிடித்து லேசாகத் திருகினால் கழன்றுவிடும். சிலவற்றில் வேரும் இருக்கும். புண் சிறியதால் மூன்று நாலு நாள் காய்ந்தால் போதும். மேலே வைத்து அழுத்தினால் சரி, புதைக்க வேண்டாம். பெரிய தொட்டியில் சின்னக் குட்டியை வைக்காதீர்கள், உறிஞ்ச ஆள் இல்லாத மண்ணில் ஈரம் தேங்கும். என் வீட்டம்மா டீ கிளாஸ் அளவுத் தொட்டியில் வைத்துச் சந்தையில் விற்கிறார். சில வாரம் என் காய்கறிக் கணக்கைவிட அவர் கணக்கு நன்றாக இருக்கிறது.

இன்னொரு எச்சரிக்கை. திருகுகள்ளி, சதுரக்கள்ளி, இலைக்கள்ளி எல்லாம் பெயரில்தான் கள்ளி. உடைத்தால் பால் வந்தால் அது வேறு குடும்பம், ஆமணக்கின் உறவு. உயிர்வேலிக்கு இவையும் போத்தில் வரும், காய வைத்து நடும் முறையும் ஒன்றுதான். வெட்டுவாயைத் தண்ணீரில் முக்கினால் பால் நிற்கும். ஆனால் அந்தப் பால் கண்ணில் பட்டால் பொல்லாதது. என் வேலியில் வேலை செய்த ஒரு அக்காவுக்கு ஒரு சொட்டுத் தெறித்து ரெண்டு நாள் கண் திறக்க முடியவில்லை. முன்கூட்டியே சொல்லாதது என் தப்பு. கண்ணாடி போடாமல் வெட்டாதீர்கள். பட்டுவிட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டு உடனே கண் மருத்துவரிடம் போங்கள்.

ஒரே தாய்

இனி, நான் செய்த பெரிய தப்பு. பக்கத்துக் காட்டுத் தம்பி ஒருவர், வயது முப்பதுக்குள், அம்மா மட்டும் இருக்கிறார். நகையை அடகு வைத்து 60 கல்தூண் ஊன்றினார், தூணுக்கு நாலு செடி. "கன்னுக்குக் காசு செலவு பண்ணாதே தம்பி, நான் தர்றேன்" என்று 240 துண்டையும் நானே கொடுத்தேன். என் தோட்டத்தில் சிவப்புச் சதை ரகத்தில் ஒரே ஒரு கொடி அமோகமாகக் காய்க்கும். நல்லதைத்தானே கொடுக்க வேண்டும்? மூன்று வருடக் கவாத்திலும் அந்த ஒரே கொடியிலும் அதன் பிள்ளைகளிலும் இருந்து மொத்தத்தையும் வெட்டினேன். சொன்ன முறைப்படி காய வைத்து நட்டார், நாலைந்து தவிர எல்லாம் பிழைத்தன.

இரண்டாவது வருடம் ஆனியில் பூ குலுங்கியது. ஒரு வாரத்துக்குள் அத்தனையும் மஞ்சளாகி உதிர்ந்தது. அடுத்த முறையும் அப்படியே. "பேங்க்கார ஐயா மலட்டுக் கன்னாக் கொடுத்துட்டாரு" என்று அவர் அம்மா தெருவில் சொன்னது என் காதுக்கு வந்தது. நான் தண்ணீர் கூடிவிட்டதோ, சத்துக் குறையோ என்று ஏதேதோ சொல்லிப் பார்த்தேன். உண்மை வேறு.

துண்டில் வளர்கிற செடி தாயின் அச்சு. 240 செடி என்று நாம் எண்ணினாலும் அது ஒரே செடிதான். சிவப்புச் சதை ரகங்களில் பல, தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. என் தோட்டத்தில் அது காய்த்ததற்குக் காரணம், பக்கத்தில் முருங்கையில் ஏறியிருந்த அந்த வெள்ளைச் செடி. அந்துப்பூச்சியும் தேனீயும் அங்கிருந்து மகரந்தம் கொண்டு வந்திருக்கின்றன. தம்பி காட்டில் அப்படி வேறு செடி கிடையாது. கொடுத்த நான் இதைப் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்த பூப்பில் ஒரு ராத்திரி ஒன்பது மணிக்கு, என் வெள்ளைப் பூக்களின் மகரந்தத்தை டிபன் டப்பாவில் தட்டி எடுத்துக்கொண்டு, டார்ச் லைட்டும் பெயின்ட் பிரஷுமாக அவர் காட்டுக்குப் போனேன். டிராகன் பூ ராத்திரி மலர்ந்து மறுநாள் காலை வெயிலேற வாடிவிடும், அதனால் வேறு நேரம் கிடையாது. பத்துப் பூவின் சூல்முடியில் தடவி நூல் கட்டி வைத்தோம். எட்டு நின்றது. கட்டாத பூ ஒன்றுகூட நிற்கவில்லை.

அதன் பிறகு ஐந்து தூணுக்கு ஒரு தூண் வீதம் ஒரு சிவப்பை எடுத்துவிட்டு வெள்ளைத் துண்டு நட்டிருக்கிறோம். அது பூக்கிற வரை கையால்தான். நீங்கள் துண்டு வாங்கும்போது தாய்ச்செடி எத்தனை, எந்த ரகம் என்று கேளுங்கள். குறைந்தது இரண்டு வேறு ரகம் கலந்து, கலக்காமல் பெயர்ச் சீட்டுக் கட்டிக் காய வையுங்கள். காய்ந்த பிறகு எல்லாத் துண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

இந்த வருடம் அவர் அம்மாதான் பிரஷ் பிடிக்கிறார். சாயங்காலம் ஆறு மணிக்கே போன் வந்துவிடும். "ஐயா, இன்னைக்கு முப்பது பூ விரியும் போல. டப்பாவை மதிலு மேல வச்சிருங்க, நான் வந்து எடுத்துக்கிறேன்."